மறு: கேம் மாஸ்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

உப்புவெளியிலிருந்து, ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். பாடசாலை விடுமுறையில் 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி மேசையில் ஆடும் ரோல்பிளே விளையாட்டை அறிமுகம் செய்யவிருக்கிறோம். இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒன்று குளிர்ந்துவிட்டது, ஏன் என்று பிள்ளைகள் கண்டறிய வேண்டும் என்பதே கதை. முதல் நாளே விதிகளைப் படித்துக் களைக்காதிருக்க, பாத்திரங்களை நாங்களே ஆக்கிக் கொடுக்கிறோம். ரோல்பிளேக்குப் 'பாத்திரமேற்றல்' போதும். 'வகிபாகம்' என்றால் அலுவலகக் கூட்டத்தின் நெடி அடிக்கிறது. ஆனால் சூழலை விவரித்து, வழியில் எதிர்ப்படும் எல்லோருக்காகவும் பேசி, ஐயம் வந்தால் தீர்ப்பும் சொல்லும் கேம் மாஸ்டர் என்ற அந்த ஒருவரை எப்படி அழைப்பது? 'விளையாட்டு ஆசான்' என்றால் பிள்ளைகள் உடற்கல்வி ஆசிரியரைத் தேடுவார்கள்.

தம்பலகாமத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ரீச்சர், கைவசம் சொல் இருக்கும்போது ஏன் தேடுகிறீர்கள்? நம் கூத்தில் ஆட்டத்தைப் பழக்கி, மத்தளம் பிடித்து, களரியை நடத்துபவர் அண்ணாவியார். 'அண்' என்னும் வேர் மேன்மையைக் குறிப்பது. அண்ணன், அண்ணல், மேல்வாயாகிய அண்ணம், அண்ணாந்து பார்த்தல் எல்லாம் அதன் வழியே வந்தவை. அப்படியே, இந்த விளையாட்டில் உருட்டும் இருபது முகக் கட்டையைக் 'கவறு' என்று எழுதுங்கள். தாயக்கட்டை நாற்பக்க நீள்கட்டை, அது இதற்குப் பொருந்தாது.

நகரிலிருந்து, விளையாடும் ஒருவர்:

ஐயா, வேரை மறுக்கவில்லை. ஆனால் அண்ணாவியார் எழுதப்பட்ட பாட்டை மனனம் செய்விப்பவர்; இங்கே ஏடே கிடையாது, கிணறு ஏன் குளிர்ந்தது என்று தெரிந்தவருக்கும் பிள்ளைகள் அடுத்து என்ன செய்வார்கள் என்று தெரியாது. அவர் நிலைமையைச் சொல்லி, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார், ஒரு பிள்ளை "கிணற்றுக்குள் இறங்குகிறேன்" என்கிறது, முடிவு ஐயமாக இருந்தால் மட்டுமே கட்டையை உருட்டி, வந்த எண்ணோடு பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டி, குறித்த இலக்கை எட்டியதா என்று பார்க்கிறார்கள். புதியவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். 'கதைசொல்லி' என்றும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயரைக் கேட்ட பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கதை கேட்க உட்கார்ந்துவிடும்.

கவறு பற்றி: குறள் 935இல் அது சூது அதிகாரத்தில் நிற்கிறது. பெற்றோர் கையெழுத்திடும் தாளில் அந்தச் சொல் வேண்டுமா?

தம்பலகாமத்திலிருந்து:

தம்பி, அதே குறளில் 'கழகம்' சூதாடும் இடம். அது பல்கலைக்கழகம் வரை ஏறிவிட்டது. கவறு மட்டும் ஏன் சூதிலேயே கிடக்க வேண்டும்?

மூதூரிலிருந்து:

'நடுவர்' ஆகாதா? கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் எழுதி 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டின் விதிநூல் அவரை நடுவர் என்ற பொருளிலேயே குறித்தது. அதில் அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்ற பெயர் பின்னால் வந்தது. ஆனாலும் நானே தயங்குகிறேன். நம் பிள்ளைக்கு நடுவர் என்றால் பட்டிமன்றம். இந்த விளையாட்டிலோ எல்லோரும் ஒரே அணி, அவரும் எதிரியல்லர். 'நடத்துநர்' என்று தனியே நின்றால் பேருந்தில் பற்றுச்சீட்டுத் தருபவராகிவிடுவார். 'கதைநடத்துநர்' என்று சேர்த்தால் தப்பலாம்.

நகரிலிருந்து:

அழகில்லை, ஆனால் பிழையுமில்லை. ஒரு பெண்பிள்ளை அந்த இடத்தில் அமர்ந்தாலும் பொருந்தும். எனக்குச் சம்மதம்.

உப்புவெளியிலிருந்து:

வேறு மறுப்பு வரவில்லை, வியாழன் இரவாகிவிட்டது. 'கதைநடத்துநர்', 'இருபது முகக் கட்டை' என்று அனுப்புகிறேன். சொல்லுக்கு முன்னால் அவர் செய்யும் வேலையை ஒரு வரியில் விளக்கிவிடுவேன். பெயரைப் பிள்ளைகள் பிறகு பிடித்துக்கொள்ளட்டும்.

தம்பலகாமத்திலிருந்து:

அனுப்புங்கள். அண்ணாவியாரே சரியான சொல் என்பதில் எனக்கு மாற்றமில்லை. அச்சகத்தார் 'நடத்துனர்' என்று திருத்துவார்கள், விடாதீர்கள். பெறுநர், இயக்குநர் போல அது 'நர்' விகுதி.