உருளைக்கிழங்குக்கு உங்க வீட்டு மொழில என்ன பேரு? உதவி பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஆறாவது படிக்கிறா, ஏதாவது ஒரு சாப்பாட்டு பொருளோட பேரை பல மொழில எழுதி சார்ட் கொண்டு வரச் சொல்லிருக்காங்க, நாங்க உருளைக்கிழங்கு எடுத்தோம். தேட ஆரம்பிச்சா நிறுத்தவே முடியல!

அது பெரு நாட்டு ஆண்டிஸ் மலைல விளைஞ்ச கிழங்கு, அங்க கெச்சுவா மொழில பாப்பா. லத்தீன் அமெரிக்கால இன்னைக்கும் பாப்பாதான், ஆனா ஸ்பெயின்ல கரீபியன் பக்கத்து சக்கரவள்ளி பேரான பட்டாட்டாவோட கலந்து படாட்டா ஆயிடுச்சு, இங்கிலீஷ் பொட்டேட்டோவும் அந்த வழிதான், போர்ச்சுகீஸ்காரங்க மூலமா மராத்திலயும் படாடா. பிரெஞ்சு, டச்சு, பாரசீகம், ஹீப்ரு நாலுலயும் 'மண் ஆப்பிள்'னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு. ஜெர்மன்ல கார்டோஃபெல், அது மண்ணுக்கடியில விளையுற ட்ரஃபிள் காளானோட இத்தாலிய பேர்லேர்ந்து வந்தது. சீனத்துல தூதோவ், அதாவது மண் பயறு. எனக்கு ரொம்ப பிடிச்சது ஜப்பான், ஜாகாஇமோன்னா ஜகார்த்தா கிழங்கு, நம்ம பக்கத்துல தெலுங்குலயும் அதே மாதிரி பங்காளாதும்பா, வங்காளக் கிழங்கு. வந்த வழியையே பேராக்கிட்டாங்க பாருங்க.

இப்ப எனக்கு வேண்டியது, நீலகிரில இருக்கறவங்க படுக மொழில என்ன சொல்வீங்க? சௌராஷ்டிரா, துளு, கொங்கணி பேசறவங்களும் சொல்லுங்க. உச்சரிப்பை தமிழ்ல எழுதி, அந்த பேருக்கு அர்த்தம் தெரிஞ்சா அதையும் போடுங்க, வாய்ஸ் நோட்டும் ஓகே. வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சா போதும்ங்க.