ஆறு வயதுப் பிள்ளையிடம் நிறத்தைப் பற்றிப் பேசலாமா?

உட்லண்ட்ஸ் அம்மா:
மகள் தொடக்கநிலை ஒன்று. போன வாரம் வரிசையில் நின்றபோது பக்கத்துப் பிள்ளை இவள் கையைப் பிடிக்க மாட்டேன் என்றதாம், "கறுப்பு, ஒட்டிக்கொள்ளும்" என்று. அன்று இரவே உட்காரவைத்துச் சொன்னேன்: சிங்கப்பூரில் 100 பேரில் 74 பேர் சீனர், இந்தியர் 9 பேர், சிலர் இப்படிப் பேசுவார்கள், தப்பு உன் தோலில் இல்லை. பிஞ்சு மனசில் இதை ஏன் போடுகிறாய் என்று வீட்டுக்காரர் கோபப்படுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பொங்கோல் அப்பா:
நான் அவர் பக்கம்தான். மதுரையில் வளர்ந்து இங்கே வந்து 12 வருடம். என் பையனின் உயிர் நண்பர்களில் ஒருவன் சீனன், ஒருவன் மலாய்க்காரன். ஒரு பிள்ளை விவரம் தெரியாமல் சொன்னதற்கு இவ்வளவு பாடம் நடத்தினால், உங்கள் மகள் இனி எந்தக் கையையும் சந்தேகத்தோடுதான் பிடிப்பாள். ஆசிரியரிடம் சொல்லுங்கள், போதும். வீட்டில் தமிழ் பேசுங்கள், பொங்கலுக்கு லிட்டில் இந்தியா கூட்டிப் போங்கள், பெருமை தானாக வரும்.

தோ பாயோ அக்கா:
தம்பி, மதுரையில் உங்களை யாரும் நீ என்ன இனம் என்று கேட்டிருக்க மாட்டார்கள், அங்கே நீங்கள் பெரும்பான்மை. நான் இங்கே மூன்றாம் தலைமுறை. எண்பதுகளில் பேருந்தில் பையன்கள் "அப்பு நெநெ" என்று, இந்தியரைக் கேலி செய்யும் அந்த வசைச்சொல்லைக் கத்துவார்கள், வீட்டில் வந்து அழுதால் அப்பா "காதில் வாங்காதே, படி" என்பார். 1964 இனக் கலவரத்தையும் ஊரடங்கையும் பார்த்தவர், வம்பு வேண்டாம் என்ற பயம், அது இப்போது புரிகிறது. ஆனால் அன்றைக்கு நான் செய்தது குளியலறையில் முழங்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதுதான். நம் வீட்டிலும் தமிழ் பேசினோம், தீபாவளி கொண்டாடினோம், அது எதுவும் அந்தத் தேய்ப்பை நிறுத்தவில்லை. என் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளியிலேயே சொல்லிவிட்டேன்.

பொங்கோல் அப்பா:
அக்கா, படிக்கும்போது வலிக்கிறது. சரி, சொல்ல வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 74, 9 என்ற கணக்கு ஆறு வயதுக்கு எதற்கு? "நாம் கொஞ்சப் பேர்" என்றுதான் அது காதில் விழும். பள்ளியில் பிள்ளைகள் மற்ற இனத்தாரின் உடையும் போட்டு வரும் இன நல்லிணக்க நாளுக்கு ஜூலையில் என் மகன் மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டு குதித்தான், அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க எனக்கு மனசில்லை.

தோ பாயோ அக்கா:
ஒரு நாள் சட்டை போடுவது சுலபம் தம்பி. மீதி நாட்களில் யாராவது வசைப்பெயர் சொல்லிக் கத்தினால் அவன் என்ன பதில் சொல்வான், அதைச் சொல்லிக்கொடுங்கள்.

உட்லண்ட்ஸ் அம்மா:
இருவருக்கும் நன்றி. எண்களைச் சொன்னது அவசரம்தான், ஆனால் பேசியதற்கு வருந்தவில்லை. காலையில் மகள் கேட்டாள்: "தோலில் தப்பில்லை என்றால், வெயிலில் விளையாடாதே, கறுத்துப்போவாய் என்று பாட்டி ஏன் சொல்கிறாள்?" சாயங்காலம் மாமியாரிடம் பேசப் போகிறேன்.