பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு எதற்கு முதலிடம்?

சாவகச்சேரி வாசகி:
யாழ்ப்பாண நகரிலுள்ள அலுவலகமொன்றில் வேலை செய்கிறேன். 4.15க்கு வேலை முடிந்து, ஏ9 வீதியால் பேருந்தில் வீடு வந்து சேர ஐந்தரை மணியாகிவிடும். அதன் பிறகு சமையல், மகளின் சாதாரண தரப் பாடங்கள், வெளிநாட்டு உறவினரின் தொலைபேசி அழைப்புகள், ஊரின் நல்லது கெட்டது எல்லாம் இரவு பத்து மணிக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. நீரிழிவு நோயுள்ள அம்மா எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதனாலேயே அவருடன் இருந்து கதைப்பது நாளுக்கு நாள் தள்ளிப் போகிறது. எதை முதலில் வைப்பது, எதை விடுவது என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்:
பிள்ளை, அவசரமானது வேறு, முக்கியமானது வேறு என்று கல்லூரித் தலைவர் ஒருவர் கூறியதை, அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் 1954 இல் ஓர் உரையில் எடுத்துக்காட்டினார். தொலைபேசி மணியடித்துக் கூப்பிடும், உலை கொதித்துக் கூப்பிடும், அம்மா கூப்பிடமாட்டார். ஆகவே அவருக்குரிய நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி வையுங்கள். என் மனைவி நோயுற்றிருந்த காலத்தில், இரவு 7 மணியிலிருந்து 7.30 வரை எவர் வந்தாலும் அவரருகிலிருந்து எழும்புவதில்லை என்று வைத்திருந்தேன். தொடக்கத்தில் சிலர் மனங்கோணினார்கள். பிறகு அந்த நேரத்தில் வருவதை அவர்களே தவிர்த்தார்கள்.

சுன்னாகத்திலிருந்து:
அழைப்புகளை வார இறுதிக்கு மாற்றலாம், அக்கா. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பத்தரை. ஞாயிறு காலை 6.30க்கு என் அண்ணாவுடன் கதைக்கும்போது அங்கே சனி இரவு 9 மணி, குளிர்காலத்தில் 8 மணி என்பதால், அவரும் ஆறுதலாக இருப்பார்.

பருத்தித்துறை வாசகி:
ஆசிரியர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் வைக்க முடியாது. செத்தவீடு சொல்லிக்கொண்டு வருவதில்லை, அதற்குப் போகாமல் இருப்பதும் சரியன்று. ஆனால் பிறந்தநாள், சாமத்தியவீடு, குடிபுகுதல் என்று வரும் எல்லா அழைப்புக்கும் நாங்களே போக வேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஒருவர் போய்வந்தால் போதும். இன்னொன்றும் கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம்: உங்கள் பட்டியலில் சமையல் ஏன் உங்களுடைய வேலையாக மட்டும் இருக்கிறது? பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை சோறு வைக்கலாம், வீட்டிலுள்ள ஆண்கள் கறி வைக்கலாம்.

சாவகச்சேரி வாசகி:
அனைவருக்கும் நன்றி. நேற்று மகளிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்டு, ஏழு மணிக்கு அம்மாவுடன் விறாந்தையில் இருந்தேன். பாதத்தில் ஒரு புண் இரண்டு கிழமையாக ஆறாமல் இருப்பதை அப்போதுதான் சொன்னார். நாளை அரைநாள் விடுப்பு எடுத்து அவரைக் கிளினிக்கிற்குக் கூட்டிச் செல்கிறேன்.