இங்கிலாந்தில் தெருவில் உண்டியல் ஏந்த அனுமதி: உங்கள் அனுபவங்கள்

தென்றல்:
தெருவில் நிதி திரட்டுவதை முறைப்படுத்தும் 1916ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடைசிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்துக்காக டிசம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் கடைத்தெருவில் நிதி திரட்ட எங்கள் சங்கம் விண்ணப்பித்திருந்தது. கவுன்சிலின், அதாவது ஊரின் உள்ளாட்சி மன்றத்தின், உரிமப் பிரிவில் இருந்த அலுவலர் மறுப்பைச் சொல்லாமல், தம் முன்னால் இருந்த நாட்குறிப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் பெரிய அமைப்புகளின் பெயர்கள் மையால் எழுதப்பட்டிருந்தன. அவர் தாளைப் புரட்டியபோது, அடுத்த ஆண்டின் அதே வாரங்களிலும் அதே பெயர்கள் இருந்ததைக் கண்டேன். "ஒரு நாளைக்கு ஓர் அமைப்புக்கு மட்டுமே தருகிறோம், பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கிறது" என்றார். அவர் கனிவாகத்தான் பேசினார். ஆனால் கட்டணம் எதுவும் இல்லாத ஓர் அனுமதியை, ஊருக்குப் புதிதாக வந்த சிறு சங்கம் எந்தக் காலத்தில்தான் நல்ல நாளில் பெற முடியும் என்ற கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மருதம்:
தென்றல் அவர்களின் வருத்தம் புரிகிறது, ஆனாலும் ஒரு நாளைக்கு ஓர் அமைப்பு என்ற நடைமுறையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே நடைபாதையில் இரண்டு உண்டியல்கள் எதிர்ப்பட்டால், கொடுக்க நினைத்தவரும் கையை இழுத்துக்கொள்வார்.

என்னை உறுத்துவது வேறு. எங்கள் வசூல் முடிந்த மாலையில், எண்ணிட்ட உண்டியல்களை மேசையில் வரிசையாக வைத்து, சாட்சிக்கு ஒருவரை அமர்த்திக்கொண்டு முத்திரைகளைச் சரிபார்த்தோம். பகல் முழுவதும் மழை பெய்திருந்ததால் ஓர் உண்டியலின் முத்திரைத்தாள் ஓரத்தில் ஊறி எழும்பியிருந்தது. அதை ஏந்தி நின்ற பெரியவர் எதுவும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை; அந்த உண்டியலில் இருந்த தொகையும் மற்றவற்றைப் போலவேதான் இருந்தது. ஆயினும் ஒவ்வோர் உண்டியலின் தொகையையும் அதன் எண்ணுக்கு நேரே தனித்தனியாக எழுதித் தர வேண்டியிருந்ததால், அவர் உண்டியலை எண்ணும்போது மட்டும் அறையில் பேச்சு நின்றுவிட்டது. அதன்பின் அவர் எங்களோடு வரவில்லை.

வழிப்போக்கர்:
நான் தெருவில் நின்றதில்லை, 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்று வீடுவீடாகச் சென்றவன். ஒரு வீட்டில் வயதான அம்மையார் ஒருவர் என் அடையாள வில்லையையும் அதிகாரச் சான்றையும் கேட்டு வாங்கி, வாசல் விளக்கின் கீழ் இரண்டிலும் இருந்த கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, திருப்பித் தந்துவிட்டு, "இப்போது போகலாம்" என்று கதவைச் சாத்தினார். காசு போடவில்லை. அவர் செய்தது முற்றிலும் சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். குறைந்தது ஒரு மாதம் முன்னதாக விண்ணப்பியுங்கள். டிசம்பர் வேண்டுமென்றால் அதைவிட வெகு முன்பே கேளுங்கள். லண்டனில் பெருநகரக் காவல்துறையிடமும் மற்ற ஊர்களில் உள்ளூர் கவுன்சிலிடமும் கேட்க வேண்டும். எந்த அமைப்புக்காகத் திரட்டுகிறீர்களோ அதனிடமிருந்து ஒப்புதல் கடிதம் வாங்கி இணையுங்கள். உண்டியல் ஏந்துபவர் ஒவ்வொருவரிடமும் எழுத்துப்பூர்வ அதிகாரக் கடிதம் இருக்கட்டும். பதினாறு வயது நிறையாதவர்களைச் சேர்க்காதீர்கள். லண்டனில் அது பதினெட்டு. பெரும்பாலான ஊர்களின் விதிப்படி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்; இருவர் சேர்ந்து நிற்கலாம், ஆனால் அடுத்தவர் 25 மீட்டருக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். நாயை உடன் அழைத்துச் செல்லக் கூடாது. போகிறவர்களை வற்புறுத்தக் கூடாது, உண்டியலைக் குலுக்குவதையும் தவிர்த்துவிடுங்கள். வசூல் முடிந்த ஒரு மாதத்துக்குள் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். அதில் தாமதித்தவர்களுக்கு அடுத்த முறை நாள் கிடைப்பது கடினம். மருதம் ஐயா, மழைக்காலத்தில் முத்திரைத்தாளின் மேல் ஒளிபுகும் ஒட்டுப்பட்டையை ஒட்டிவிட்டால் அந்தச் சங்கடம் வராது.

நெய்தல்:
வழிப்போக்கர் அவர்களே, ஒட்டுப்பட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் ஏன் வராமல் போனார் என்பதைத்தான் மருதம் சொல்ல வந்தார். உங்கள் நீண்ட பட்டியலில் எங்களைத் திண்டாட வைத்த விஷயமும் இல்லை. பேரங்காடி ஒன்றின் மேலாளர் மனமுவந்து கடிதம் தந்ததால் அதன் வாசலில் நின்றோம். பொதுமக்கள் தடையின்றி நடமாடும் இடம் தனியாருடையதாக இருந்தாலும் தன் அனுமதி தேவை என்பது எங்கள் கவுன்சிலின் நிலை. அதைச் சொல்ல வந்த அலுவலர், மேலாளரின் கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, தானியங்கிக் கதவுக்கு வெளியே தரைக்கல் நிறம் மாறும் கோட்டைக் காட்டி, "கடைக்குள்ளே இவர் சொல் போதும், இங்கே போதாது" என்றார். எங்களோடு நின்ற கல்லூரி மாணவி அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றுகொண்டு, "இப்போது சரியா?" என்று உண்மையாகவே கேட்டாள். அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அலுவலகத்தில் கேட்டு எழுதுவதாகச் சொல்லிச் சென்றார். கடிதம் இன்னும் வரவில்லை; அது வரும்வரை அந்த வாசலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இதே நிலையில் எழுத்தில் பதில் பெற்றவர்கள் யாரேனும் இருந்தால், அந்தக் கடிதத்தின் வாசகத்தை இங்கே இடும்படி கேட்டுக்கொள்கிறேன்.