பயோன் துறைமுகத்திலிருந்து அக்டோபர் கப்பல்: புதிதாக வந்தவர்களுக்கு

நியூஜெர்சியில் எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் புதிதாகக் குடி வந்தவர்கள் செப்டம்பர் பிறந்ததும் தவறாமல் கேட்கிற கேள்வி: "இலை நிறம் மாறுவதைப் பார்க்கக் கப்பலில் போகிறார்களாமே, நாமும் போகலாமா?" தாராளமாகப் போகலாம். விமானம் ஏற வேண்டியதில்லை. எடிசனிலிருந்து முக்கால் மணி நேரத்தில் பயோன் துறைமுகம். சாயங்காலம் கப்பல் நியூயார்க் துறைமுக வாசலில் இருக்கிற வெரசானோ பாலத்துக்கு அடியில் நுழையும்போது எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடுவார்கள், நீங்களும் ஓடுங்கள். ஆனால் அறை விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்.

இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்க ஊர்களை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பி வர முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் பெரும்பாலான பயணங்களில் செயின்ட் ஜானோ ஹாலிஃபாக்ஸோ இருக்கும். இரண்டும் கனடா. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா வேண்டும். கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைக்குத் தனியாக 85. கைரேகை பத்து வருடத்துக்குச் செல்லும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கனடா விசா இல்லாமல் போய், "நாங்கள் கனடாவில் இறங்கவே மாட்டோம், கப்பலிலேயே இருந்துவிடுகிறோம்" என்று துறைமுகக் கவுண்டரில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. ஏற்றவில்லை. பணமும் திரும்பி வரவில்லை. பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்தார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. ஆனால் 2022 ஏப்ரலிலிருந்து கார்டோடு செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

திரும்பி வருவதையும் யோசியுங்கள். ஹெச்1பி எனும் வேலை விசாவின் முத்திரை காலாவதியாகியிருந்தாலும், ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) செல்லுபடியாக இருந்து, கனடாவில் முப்பது நாளுக்குள் இருந்துவிட்டு வந்தால், பழைய முத்திரையோடே உள்ளே வரலாம். ஐ-94 நகலும், ஹெச்1பி அனுமதிக் கடிதமான ஐ-797 தாளும் கைப்பையில் இருக்கட்டும். இந்தச் சலுகை ஹெச்1பிக்காரர்களுக்குக் கனடா, மெக்சிகோவுக்கு மட்டும்தான். அதே கப்பல் வழியில் பெர்முடாத் தீவையும் தொடுகிறது என்றால் கதை வேறு, ஆசைப்பட்டுப் பதிவு செய்துவிடாதீர்கள். விசா வகையை மாற்றச் சொல்லி விண்ணப்பித்துக் காத்திருக்கிறவர்கள் நாட்டை விட்டு வெளியே போனால், அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கணக்கு. அவர்களுக்கு இந்த வருடம் கப்பல் வேண்டாம். இலை பார்க்கக் காரில் வெர்மான்ட் மாநிலத்துக்குப் போய் வாருங்கள்.

சரி, இலை. விளம்பரப் படத்தில் கப்பலுக்கு இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாக மலை தெரியும். நம்பாதீர்கள். கப்பல் பெரும்பாலும் ராத்திரியில், கரையை விட்டுத் தள்ளித்தான் ஓடுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் ஊர் வந்திருக்கும். நிறமெல்லாம் இறங்கிப் பார்க்கிற இடத்தில்தான். அதனால் பால்கனி அறைக்கு நான் காசு கொடுப்பதில்லை. முதல் தடவை கொடுத்தேன். அக்டோபர் காற்றில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. அந்தப் பணத்தில் ஆளுக்கொரு நல்ல ஜாக்கெட் வாங்கலாம். இதற்கு விதிவிலக்கு, செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் நுழைந்து கியூபெக் வரை போகிற நீண்ட பயணம். அங்கே பகலில் இரண்டு கரையும் தெரியும்.

தேதி முக்கியம். கியூபெக் பக்கம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். மெய்ன் மாநிலக் கடற்கரையில் அக்டோபர் நடுப்பகுதிக்கு மேல்தான் நிறம் ஏறும். விலை மலிவு என்று செப்டம்பர் தொடக்கத்தில் போனால் பச்சை இலையைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அதோடு அது புயல் காலமும்கூட. 2022 செப்டம்பர் 24 அன்று ஃபியோனா புயல் ஹாலிஃபாக்ஸ் இருக்கிற நோவா ஸ்கோஷியா மாகாணத்தைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். புயல் வந்தால் கப்பல் ஊர்களை விட்டுவிட்டு வேறு வழியில் போகும், அதைத் தட்டிக் கேட்க முடியாது.

ஊர்களில் என் ஓட்டு மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பருக்கு. பக்கத்திலேயே அகேடியா தேசியப் பூங்கா. காடிலாக் மலை 1,530 அடிதான், ஆனால் மேலே நின்றால் சிவப்புக் காடும் நீலக் கடலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒன்று கவனியுங்கள்: ஒரு நாளில் 1,000 கப்பல் பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் 2022-இல் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். உங்கள் திட்டத்தில் பார் ஹார்பர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். அங்கே கப்பல் கரைக்கு வராது, சின்னப் படகில் ஏற்றித்தான் இறக்குவார்கள்.

செயின்ட் ஜானில் பலர் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாவம். உலகிலேயே அதிக ஓத ஏற்றம் (கடல் நீர் பெருகி வற்றுவதுதான் ஓதம்) உள்ள ஃபண்டி வளைகுடா அது. அந்த ஊரில் கடல் மட்டம் சுமார் எட்டு மீட்டர் ஏறி இறங்கும். வற்றும்போது அங்குள்ள ஆறு சரிந்து கடலில் விழுகிறது, பெருகும்போது கடல் ஆற்றை எதிர்த்துத் தள்ளி உள்ளே ஏறுகிறது. ஒரே பாறையை ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால்தான் விஷயம் புரியும். ஓத நேர அட்டவணையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நேரத்துக்கு 1876-இல் திறந்த பழைய சந்தை இருக்கிறது, கப்பலைக் கவிழ்த்தது போன்ற கூரையோடு. அங்கே டல்ஸ் என்று காய்ந்த கடற்பாசி விற்கிறார்கள். பார்க்கக் கருஞ்சிவப்பு வெற்றிலைச் சருகு, வாயில் போட்டால் கருவாட்டு மண்டி. என் மனைவி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

ஹாலிஃபாக்ஸில் கப்பல் நிற்கிற இடத்தை ஒட்டியே பியர் 21 இருக்கிறது, 1928 முதல் 1971 வரை குடியேறிகள் வந்திறங்கிய கூடம். இப்போது அருங்காட்சியகம். நம் ஆட்கள் இந்தக் கடலுக்கு வந்த கதை வேறு: 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை அங்கிருந்த மீனவர்கள் காப்பாற்றினார்கள். ஊர் பார்க்கப் போகிற கடல் என்றாலும் எனக்கு அது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

அதே ஹாலிஃபாக்ஸில்தான் நாங்கள் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். நியூயார்க்கை விட அங்கே ஒரு மணி நேரம் முன்னால். ராத்திரியே கப்பலில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். நானோ ரோமிங் காசுக்குப் பயந்து போனை விமானப் பயன்முறையில் போட்டிருந்தேன், அது நியூயார்க் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. நாலரைக்குள் ஏற வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கிற பெக்கிஸ் கோவ் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டு ஹாலிஃபாக்ஸுக்குத் திரும்பி, "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே" என்று சாவகாசமாகக் கடலோரம் நடந்து வருகிறோம், கரையில் எங்களைத் தவிர ஆளே இல்லை. ஏறுபலகையை எடுக்கப் போகிற நேரத்தில் சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், கப்பல் நேரத்தை வைத்து.

"அண்ணா, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப் போகலாமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கூட்டிப் போங்கள் தம்பி, ஆனால் அவர்களுக்கும் கனடா விசா வேண்டும். கனடா தொட்டு வந்ததால் அமெரிக்காவில் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று எண்ணித் திரும்பும் டிக்கெட்டை மாற்றிவிடாதீர்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் என்றால் படகில் இறங்குகிற ஊர் இல்லாத பயணமாகப் பாருங்கள்.

சாப்பாடு: பதிவு செய்யும்போதே "இந்திய சைவம்" என்று எழுதி வையுங்கள், முதல் ராத்திரியே தலைமைப் பரிமாறுபவரிடம் நேரில் சொல்லுங்கள். மறுநாளிலிருந்து பருப்பு, சப்பாத்தி, ஒரு கறி வந்துவிடும். சாம்பார் மட்டும் வராது. ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில் எல்லாம் பெட்டிச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிரிக்காத ஊறுகாய்ப் பாக்கெட் பரவாயில்லை. தலைசுற்றல் பயம் இருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை கேளுங்கள். இஞ்சி மொரப்பா எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து அறைக்காரரும் கேட்பார்.