பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 1 நோட்ரம்ப்புக்குப் பிறகு: 5 ஸ்பேட், 4 ஹார்ட் இருந்தால் டிரான்ஸ்ஃபரா?

பார்ட்னர் ஏலத்தை 1 நோட்ரம்ப்பில் (துருப்புச் சூட் இல்லாத ஏலம், 15-17 பாயிண்ட்) தொடங்கினார். என் கையில் 5 ஸ்பேட், 4 ஹார்ட், 8 பாயிண்ட். 2 ஹார்ட் சொல்லிப் பார்ட்னரை 2 ஸ்பேட் சொல்ல வைப்பதா (டிரான்ஸ்ஃபர்), 2 கிளப் சொல்லி அவரிடம் நான்கு சீட்டு மேஜர் (ஸ்பேட் அல்லது ஹார்ட்) உண்டா என்று கேட்பதா (ஸ்டேமன்)?

பதில் 1:
ஸ்டேமன்தான். டிரான்ஸ்ஃபர் செய்தால் 4-4 ஹார்ட் பொருத்தம் தவறிப்போகலாம். 2 கிளப் கேளுங்கள். மேஜர் வந்தால் அதையே 3க்கு உயர்த்துங்கள். 2 டைமண்ட் (நான்கு சீட்டு மேஜர் இல்லை) வந்தால் 2 ஸ்பேட், அதாவது ஐந்து ஸ்பேடுடன் கேமுக்கு (போனஸ் தரும் உயர்ந்த ஏலத்துக்கு) அழைப்பு. (இதன் அர்த்தத்தைப் பார்ட்னரிடம் முன்பே பேசி வையுங்கள்.) 7 பாயிண்டுக்குக் கீழே என்றால் டிரான்ஸ்ஃபர், பிறகு பாஸ்.

பதில் 2:
10 பாயிண்டுக்கு மேல் இருந்தால், 2 டைமண்டுக்குப் பிறகு ஸ்மோலன் முறை: 3 ஹார்ட், அதாவது நான்கு ஹார்ட், ஐந்து ஸ்பேட். நான்கு சீட்டுள்ள சூட்டைச் சொல்வதால் ஸ்பேடில் டிக்ளேரர் (ஆட்டத்தை ஆடுபவர்) ஓப்பனரே (ஏலத்தைத் தொடங்கிய பார்ட்னர்). முதல் சீட்டு பலமான கையை நோக்கி வரும், அந்தக் கையும் மூடியே இருக்கும்.

பதில் 3:
வழக்கமாகச் சறுக்குவது வேறு இடம். 5-3-3-2 (ஐந்து ஸ்பேட், மற்ற சூட்களில் 3, 3, 2 சீட்டு), 10 பாயிண்ட் என்றால் டிரான்ஸ்ஃபருக்குப் பின் நேராக 4 ஸ்பேட் போகாதீர்கள். 3 நோட்ரம்ப் சொல்லுங்கள். மூன்று ஸ்பேட் இருந்தால் பார்ட்னரே 4 ஸ்பேடுக்கு மாற்றுவார். எதிரி 2 ஹார்ட்டை டபுள் செய்தால், ஓப்பனரின் பாஸுக்கு இரண்டே ஸ்பேட் என்று பொருள் வைத்துக்கொள்ளலாம்.