மேகம் டைம்லாப்ஸ்: இடைவெளி, ஷட்டர் பற்றி உதவி தேவை

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வருவதை டைம்லாப்ஸாக (இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடவிடும் வீடியோ) எடுக்கப் போகிறேன். 2 நொடிக்கு ஒரு படம் என்றால் 10 நொடி வீடியோவுக்கான 250 படங்களும் (நொடிக்கு 25) எட்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இடைவெளியில் பாதி, அதாவது 1 நொடி ஷட்டர் (ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரம்) வைத்தால் அசைவு வெட்டாமல் வரும் என்கிறார்கள். வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 11 வைத்தால் ஷட்டர் 1/200 நொடி காட்டும். என்னிடமுள்ள, ஒளியைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒரு ஸ்டாப்புக்கு ஒளி பாதியாகும்) போட்டாலும் 1/3 நொடிதான். மேகத்துக்கு இது போதும் என்றே நினைக்கிறேன். ஓரத்தில் காற்றில் ஆடும் மரக்கிளைதான் துடிதுடிக்குமோ? 10 ஸ்டாப் வாங்கியே ஆகணுமா? (விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.)

அப்புறம், கீழே பெரியகுளம் பக்கம் விளக்கு எரியும்வரை தொடர ஆசை. இருட்டும்போது ஷட்டர் 2 நொடியைத் தாண்டினால் இடைவெளி இடிக்கும். முதலிலேயே 5 நொடி வைக்கலாமா, ஐஎஸ்ஓவை ஏற்றிச் சமாளிக்கலாமா? எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.